பழைய ஜீப்புக்குப் புது டயர்

போடிநாயக்கனூரில் வளர்ந்த எனக்கு ஜீப் என்றால் ஏலத்தோட்ட ஜீப்தான். விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, பொழுது சாயத் திரும்பும் மஹிந்திரா வண்டிகள். அந்த ஓட்டுநர்கள் டயர் வாங்குவதில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். வண்டி எந்தத் தரையில் அதிகம் ஓடுகிறதோ அந்தத் தரைக்கு வாங்க வேண்டும்; அச்சும் ஸ்டீரிங்கும் தாங்குகிற அளவில் வாங்க வேண்டும். இன்று நான் ஓட்டுவது 1983 மாடல் சிஜே-7 ஜீப். ஓட்டும் ஊர் டொராண்டோவுக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள ஒஷாவா. மலை வளைவுகள் இல்லை. பனியும் உப்பும் சரளையும் இருக்கின்றன. கணக்கு மட்டும் அதேதான்.

ஒஷாவா வண்டி கட்டிய ஊர். குதிரை வண்டிப் பட்டறை நடத்திய மெக்லாக்லின் குடும்பம் 1907இல் இங்கே மோட்டார் கார் கம்பெனி தொடங்கியது. 1918இல் அது ஜெனரல் மோட்டார்ஸ் ஆஃப் கனடா ஆனது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ லாரிகள் இங்கிருந்து கப்பலேறின. விமான நிலையத்தை ஒட்டிய ஒன்டாரியோ ரெஜிமென்ட் அருங்காட்சியகத்தில் பழைய ராணுவ வண்டிகளை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். வண்டி கட்டிய கைகள் நிறைந்த ஊர் என்பதால் பழைய வண்டியைப் பேணுகிறவர்களும் இங்கே நிறைய. அவர்களோடு பழகித் தெரிந்துகொண்டதையும், என் ஜீப்புக்கு டயர் மாற்றியபோது கற்றதையும் சொல்கிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள்

தினமும் ஓடும் காரில் டயர் தேய்ந்து போகும். பழைய ஜீப்பில் அது தேயாமலே கிழடாகும். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வெளியே வரும் வண்டியில், தரையைப் பிடிக்கும் டயர் பட்டன் ஆழமாகவே இருக்கும். ரப்பரோ வெயிலிலும் காற்றிலும் குளிரிலும் எண்ணெய்ப்பசை இழந்து இறுகிவிடும். என் ஜீப்போடு வந்த டயர்களைப் பார்த்த எல்லாரும் புதுசு என்றார்கள். பக்கவாட்டில் எழுதியிருந்ததோ பத்து ஆண்டுக்கு மேல்.

படிக்கும் முறை எளிது. டயரின் பக்கச் சுவரில் ‘டாட்’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 2308 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதில் ஊரைத் தாண்டிப் போகாதீர்கள். முழு வரிசை பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி இருந்தால் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய வண்டி விலை பேசும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஐந்து டயர் வாங்கும் செலவு விலையில் குறைய வேண்டிய தொகை.

ஐந்து ஆண்டைக் கடந்த டயரை ஆண்டுக்கொருமுறை நன்றாகச் சோதிக்க வேண்டும், பத்தாண்டு ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது மிஷ்லின் போன்ற நிறுவனங்களின் அறிவுரை. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். ஓடாமலே வெயிலில் காயும் டயர் அது. பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்தையும், ரிம்மை ஒட்டிய ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் அங்கேதான் முதலில் தெரியும்.

நம் ஊரில் ரீட்ரேடு செய்து ஓட்டுவது வழக்கம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயருக்கு வருமுன் 1952இல் இறங்கியதே ரீட்ரேடு ரப்பரில்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது சரியான சிக்கனம். அங்கே பட்டனுக்கு அடியில் உள்ள டயர்க் கூடு இளசாக இருக்கும்போதே பட்டன் தேய்ந்துவிடும். பழைய ஜீப்பில் நிலைமை தலைகீழ். கூடுதான் முதலில் மூப்படைகிறது. அதன்மேல் புதுப் பட்டன் ஒட்டுவதில் பொருளில்லை.

உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது?

கடையில் மூன்று வகை காட்டுவார்கள்: நெடுஞ்சாலை டயர், எல்லாத் தரைக்குமான ஆல்-டெரெய்ன், சேற்றுக்கான மட்-டெரெய்ன். கண் போவது மூன்றாவதில். பெரிய பட்டன், அகலமான இடைவெளி, முரட்டுத் தோற்றம். ஆழச் சேற்றில் அதற்கு இணையில்லை. இடைவெளி அகலம் என்பதால் சுழலும்போதே சேற்றை உதறிவிடும். ஆனால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போதும், கெட்டிப் பனியில் திரும்பும்போதும் அந்தக் குறை தெரியும். 401 நெடுஞ்சாலையில் இரைச்சலும் கூடும்.

என் ஜீப் போகும் வழியை யோசித்தேன். சிம்கோ தெருவில் வடக்கே போர்ட் பெர்ரி வரை தார்ச்சாலை. அங்கிருந்து பண்ணைகளுக்கு நடுவே சரளைச் சாலைகள். எப்போதாவது காட்டை ஒட்டிய, பராமரிப்பில்லாத மண்பாதை. பெரும்பகுதி தாரும் சரளையும் என்றான பிறகு ஆல்-டெரெய்ன்தான் விடை. பி.எஃப். குட்ரிச் தன் ஆல்-டெரெய்ன் ரேடியல் டயரை 1976இல் கொண்டுவந்தது. சிஜே-7 வந்ததும் அதே ஆண்டில். அதனால் இந்த வகை டயர் ஜீப்பின் காலத்துக்கு அந்நியமாகவும் தெரியாது.

வில்லிஸ் எம்பி போன்ற ராணுவ ஜீப் வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. 6.00-16 அளவில், இருபுறமும் ஒரே மாதிரி தடித்த பட்டன் கொண்ட அக்காலத்து டயர் இல்லாவிட்டால் வண்டியின் தோற்றமே கெட்டுவிடும். ஒன்டாரியோவில் 30 ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு வரலாற்று வாகனப் பலகை கிடைக்கும். அந்தப் பலகையோடு கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் மட்டும் போகும் வண்டிக்கு அந்த டயரே பொருத்தம். மழை நாளில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் அதன் பிடி குறைவு.

குளிருக்குத் தனி டயர்கள்

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கும். ஒஷாவாவில் நவம்பரிலிருந்து மார்ச் முடிய அதுதான் நிலை. ஆல்-டெரெய்ன் டயரில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று இருந்தாலே பனிக்குப் போதும் என்று நினைப்பவர்கள் பலர். அந்த எழுத்து பட்டனின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருந்தால்தான் அந்த டயர் பனியில் சோதித்துத் தேறியது. குளிர்காலத்திலும் ஓட்டுவீர்கள் என்றால் அந்த முத்திரை இல்லாத டயரை வாங்காதீர்கள்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், பனிக்கால டயர் மாட்டியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆணி பதித்த டயர் வட ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கே, ஒஷாவாவாசிகளுக்கு அனுமதியில்லை.

பனிக்கு ஒடுங்கிய டயர் நல்லது. அது பனியைப் பிளந்து அடித்தரையைத் தேடும். அகன்ற டயர் மேலே மிதக்கும். அதனால் குளிர்காலத்துக்கு 235/75ஆர்15 பனி டயர்களைத் தனி ரிம்களில் மாட்டி வைத்திருக்கிறேன். நவம்பரிலும் ஏப்ரலிலும் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து மாற்றிவிடலாம். ஒவ்வொரு முறையும் ரிம்மிலிருந்து பிரித்து மாட்ட வேண்டியதில்லை. பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பனியில் நம்பக் கூடாது.

பெரிய டயர் கேட்கும் விலை

ஜீப் வாங்கியவர்களுக்கு முதலில் வரும் ஆசை பெரிய டயர். எனக்கும் 31×10.50ஆர்15 மேல் ஆசை இருந்தது. வாங்கும் முன் கணக்குப் போட்டேன். 235/75ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் 787. ஏழு சதவீதம் அதிகம். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107இல் போகும். விட்டம் இரண்டு அங்குலம் கூடினாலும் அச்சுக்கும் தரைக்கும் இடையே கிடைப்பது ஓரங்குலம்தான்.

அந்த ஓரங்குலத்துக்கு வண்டி பல இடங்களில் விலை கொடுக்கும். சிஜே-7களில் பல 2.73 கியர் விகிதத்தோடு வந்தவை. அவற்றில் பெரிய டயர் மாட்டினால் ஏற்றத்தில் எஞ்சின் திணறும். பின்னால் இருக்கும் ஏஎம்சி 20 அச்சில் தண்டும் ஹப்பும் இரு துண்டுகள். டயர் பெரிதாக ஆக அந்த இணைப்பில் திருகு விசை கூடும். முன்பக்கத்தில் தேய்ந்த பால் ஜாயின்ட், தளர்ந்த ஸ்டீரிங் பாக்ஸ் இரண்டும் சிறு டயரில் மறைந்திருக்கும். அகல டயர் மாட்டியதும் ஸ்டீரிங் கையில் ஆடும். முழுக்கத் திருப்பினால் ஸ்பிரிங் பட்டையிலோ மட்கார்டிலோ டயர் உரசும்.

ஆகவே டயருக்கு முன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்; பிறகு இடமும் வலமும். ஆட்டம் தெரிந்தால் பணத்தை முதலில் அங்கே செலவழியுங்கள். சோதித்த பிறகு நான் கோடைக்கும் 235இலேயே நின்றேன். வண்டி நேராக ஓடுகிறது. சேற்றுப் பாதையில் அந்த ஓரங்குலம் இல்லாமலே தடையின்றிப் போய்வருகிறேன்.

ரிம்மும் டியூபும்

ஒன்டாரியோவில் சாலை உப்பு ரிம்மைத் தின்றுவிடும். டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய டயரைக் கழற்றியதும் அந்த விளிம்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்த பிறகே புது டயர் ஏற்றச் சொல்லுங்கள். ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பழைய ரிம் தேடுபவர்களுக்கு: சிஜே ஜீப்பின் ஐந்து போல்ட்டும் அமைந்த வட்டம் 5.5 அங்குலம். பழைய ஃபோர்டு எஃப்-150, சுசுகி சாமுராய் ரிம்களும் அதே அளவு. போல்ட் பொருந்தினால் மட்டும் போதாது. முன் ஹப் நுழையும் அளவுக்கு நடுத்துளை பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வில்லிஸ் காலத்து ரிம்களில், டயர் ஓரம் நழுவாமல் தடுக்கும் மேடு இருக்காது. அவற்றில் டியூப் போடுவதே பாதுகாப்பு. ரேடியல் டயர் என்றால் ரேடியலுக்கான டியூப் கேளுங்கள். போர்க்கால வண்டிகளில் ரிம்மே இரு பாதிகளாக இருந்து போல்ட்டால் இணைந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றும் நட்டு வேறு. ரிம்மின் இரு பாதிகளைப் பிடித்திருக்கும் நட்டு வேறு. காற்றை முழுக்க இறக்கி, வால்வின் ஊசியையே வெளியே எடுத்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். காற்று இருக்கும்போது திறந்தால் இரும்பு பாய்ந்து உயிர் போகும். இந்த வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

மாட்டும் நாளும் அதன் பிறகும்

ஐந்தையும் ஒரே வகையில், ஒரே அளவில், சேர்ந்தே வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் முன் பின் டயர்களின் சுற்றளவு மாறினால் கியர் பெட்டிக்குள் இழுபறி ஏற்படும். ரேடியலையும் பழைய பயாஸ் டயரையும் ஒரே வண்டியில் கலக்கவே கூடாது. ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றி வந்தால் தேய்மானம் சமமாகும்.

நட்டுகளை டார்க் ஸ்பேனரால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் சோதியுங்கள்.

காற்று அழுத்தத்தில் கவனம் தேவை. டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம். சிஜே போன்ற எடை குறைந்த வண்டியில் அவ்வளவு அடித்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். பட்டன்மேல் குறுக்கே தடிமனாகச் சாக்பீஸ் கோடு போட்டு, காலியான சமதளத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. கதவோரத்தில் அச்சிட்ட அளவிலிருந்து தொடங்கி, இப்படிச் சோதித்து, என் வண்டிக்கு 28 பவுண்டில் முடிவு செய்தேன். மண்பாதையில் 18க்கு இறக்குவேன். தார்ச்சாலை ஏறும் முன் சிறு கம்ப்ரசரால் மீண்டும் ஏற்றிவிடுவேன். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிப் பிளக்கும்.

கழற்றிய டயர்களை வீட்டின் பின்னால் அடுக்கி வைக்காதீர்கள். 1990 பிப்ரவரியில் இதே மாகாணத்தின் ஹேகர்ஸ்வில் ஊரில் மலைபோல் குவித்திருந்த பழைய டயர்கள் தீப்பிடித்து 17 நாள் எரிந்தன. மாட்டும் கடையிலேயே விட்டுவிட்டால் மறுசுழற்சிக்குப் போகும்.

பழைய ஜீப்புக்குச் செலவழிக்க ஆயிரம் வழி இருக்கிறது: விளக்கு, வின்ச், உயரம் கூட்டும் ஸ்பிரிங், புதுப் பெயின்ட். வண்டியைத் தரையோடு சேர்ப்பது உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர் பரப்புகள் மட்டுமே. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஈரச் சாலையில் பிரேக் மிதிக்கும்போது மற்றவை உதவிக்கு வராது. ஆகவே முதல் செலவு டயருக்கு, அதற்கு முன் ஸ்டீரிங் ஆட்டத்துக்கு. மீதி எல்லாம் பிறகு. இந்த வார இறுதியில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரின் தேதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எதை, எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.