பெண்டம் கோழி: அச்சுவேலி முற்றமும் நம் லயத்து வாசலும்

கோழி என்றால் முட்டைக்கு, இல்லாவிட்டால் கறிக்கு. நம் தோட்டங்களில் இதுதான் கணக்கு. ஆசைக்காகவே ஒரு கோழி வளர்ப்பதென்றால் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பிள்ளைகள் கையில் ஏந்தித் திரியக்கூடிய பெண்டம் கோழியைப் பற்றி நாங்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுத நினைத்தோம். ஏனென்றால் இதில் தெரியாத்தனமாக நடக்கும் நஷ்டம் அதிகம்.

முதலில் பெயர். ஜாவாத் தீவின் மேற்கே பாண்டாம் என்று ஒரு பழைய துறைமுகம் இருந்தது. மிளகு வாங்கப் போன ஐரோப்பியக் கப்பல்காரர் அங்கே கண்ட சின்னக் கோழிகளுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பிறகு எந்தக் குள்ளக் கோழிக்கும் அதுவே பெயராகி, நம் வாயில் பெண்டம் ஆயிற்று. பெரும்பாலானவை ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். மலேசியாவில் கிளந்தான் மாநிலத்தில் உருவாக்கிய செராமா என்ற இனம் அரைக் கிலோகூட வராது.

யாழ்ப்பாணத்துக்கு வடகிழக்கே உள்ள அச்சுவேலிப் பக்கத்து முற்றம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். செம்மண் தரை, சுற்றி வேலி, ஒரு பக்கம் தோட்டக் கிணறு. வருசத்தில் பாதிக்கு மேல் காய்ந்த நிலம். கால் குட்டையாக, வயிறு தரையோடு ஒட்டினாற்போல நடக்கும் பெண்டத்துக்கு அந்தத் தரை சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் செம்மண் சேறு இறகில் அப்பிக்கொள்ளும். நம் மலையிலோ மழையும் பனியும் மாறி மாறி வரும். உடம்பு சிறிதாக இருந்தால் சூடு சீக்கிரம் போய்விடும். இறகு நனைந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே குட்டைக்கால் வகை அழகாக இருந்தாலும், மலைக்கு நடுத்தரக் கால் உள்ளதையே பாருங்கள். காலில் இறகு முளைத்த வகையும் சேற்றுக்கு ஆகாது.

இப்போது முக்கியமான விசயம். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பேட்டையும் (நம்ம பக்கம் பொட்டைக்கோழி என்போமே, அதுதான்) சோடி சேர்த்தால் எல்லாக் குஞ்சும் குட்டையாக வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி வராது. குட்டைக்காலைக் கொடுக்கும் அந்தப் பரம்பரைக் குணம் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் ஒரே முட்டையில் சேர்ந்தால், கரு அடைவைத்த சில நாளிலேயே இறந்துவிடும். கருக்கூடிய 12 முட்டை வைத்தால், சராசரிக் கணக்கில் 3 முட்டை இப்படிப் போகும். 6 குஞ்சு குட்டைக்காலோடும் 3 குஞ்சு சாதாரணக் காலோடும் வரும். இது தெரியாமல் "கண்ணு பட்டிருச்சு", "இந்தக் கோழி ராசியில்ல" என்று நல்ல அடைக்கோழியை விற்றவர்களும் அறுத்தவர்களும் உண்டு. கோழியில் பிழை இல்லை, சோடியில்தான் பிழை. ஒரு பக்கம் குட்டைக்கால், மறுபக்கம் சாதாரணக் கால் என்று சேர்த்துவிட்டால் இந்தச் சாவு நடக்காது. குஞ்சுகளும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வரும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி போல நரம்பு ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்தது. ஒன்றுமே தெரியாவிட்டால் அது கூழ்முட்டை. இரண்டையும் எடுத்துவிடுங்கள், உள்ளே வெடித்தால் மற்றதும் கெடும். பொதுவாக 21 நாள், பெண்டத்துக்குச் சில வேளை ஒரு நாள் முந்தியே பொரிக்கும்.

இன்னொரு நஷ்டம் சொந்தத்துக்குள்ளேயே சோடி சேர்ப்பது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது கூட்டைத் திறந்துவிட்டு நடந்த குடும்பங்கள் எத்தனையோ. திரும்பி வந்தவர்கள் ஆடு, கோழி எல்லாவற்றையும் முதலிலிருந்து சேர்க்கவேண்டியிருந்தது. அப்படி ஒரே சோடியில் தொடங்கி, அண்ணன் தங்கைக் குஞ்சுகளையே மூன்று நான்கு தலைமுறை சேர்த்தால் பொரிப்புக் குறையும், குஞ்சும் நோஞ்சானாகும். லயத்தில் ஒரு சோடி வாங்குகிறவருக்கும் இதே கதைதான். ஒன்றிரண்டு வருசத்துக்கு ஒருமுறை வேறு தோட்டத்துச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். காசு வேண்டாம், சேவலுக்குச் சேவல்.

புதிதாக வந்ததை உடனே கூட்டில் விடவேண்டாம். மூன்று கிழமை தனியே வைத்துப் பாருங்கள். ரணிகெற் நோய் அப்படித்தான் வீட்டுக்குள் வரும். இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் 1926இல் முதலில் அறியப்பட்ட இந்த நோய்க்கு இன்றும் மருந்து கிடையாது. பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுகும், பிறகு கூடே காலியாகும். தடுப்பூசி ஒன்றுதான் வழி. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருப்பதால் லயத்தார் ஒன்றாகச் சேர்ந்து போனால் நல்லது.

கூடு தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், காற்றடிக்கும் பக்கம் அடைத்து, அரை அங்குலக் கம்பிவலை போட்டு இருக்கட்டும். கீரிக்கும் மரநாய்க்கும் பெண்டம் ஒரு வாய்தான். ஒரு சேவலுக்கும் மூன்று பேட்டுக்கும் இரவில் அடைய மூன்றடிக்கு இரண்டடி போதும். காம்பராவுக்குள் மட்டும் படுக்க வைக்காதீர்கள். பிள்ளைகள் தொட்டு விளையாடியபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். களைநாசினி அடித்த மலைப்பக்கம் மேயவிடவும் வேண்டாம்.

குஞ்சுக்குக் குளிருமே என்று குப்பி விளக்கோ கரிச்சட்டியோ வைக்கும் பழக்கம் இருக்கிறது. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோகும். பெண்டம் பேடு இயற்கையிலேயே நல்ல தாய், சிறகே போதும். ஊர்க்கோழி முட்டையும் நாலைந்து வைத்தால் பொறுமையாகப் பொரித்துக் கொடுக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். அந்தக் குஞ்சு சோசரில் விழுந்தும் மூழ்கும்.

சேவல் விடிய நாலு மணிக்கே கூவும், உருவத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. இரவுக் கூட்டை நன்றாக இருட்டாக்கினால் கொஞ்சம் பிந்தும். ஆனாலும் வாங்குவதற்கு முன் பக்கத்துக் காம்பராக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முட்டை பொரித்தால் முதல் சோடிக் குஞ்சு அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்று சொன்னால் அநேகமாகச் சண்டை வராது.