ஆமைக் கரைக்கு ஒரு செவ்விளக்கு

அந்தமான் தீவுகளுக்குப் பெருநிலத்திலிருந்து மின்கம்பி வருவதில்லை. இங்கு எரியும் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் எந்திரங்களால் உண்டாக்கப்படுவது. அது நின்றுவிட்டால் கை முதலில் தேடுவது டார்ச் விளக்கைத்தான். நம் விடுதி அறைகளிலும் தலையணைக்கருகில் ஒன்று கிடக்கிறது. அபர்தீன் கடைத்தெருவில் வாங்கிய மலிவான விளக்கு. பழுதானால் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிறோமேயன்றி, அதன் தலைக்குள் இருப்பது யாது என்று திறந்து பார்ப்பவர் நம்மில் மிகச் சிலரே.

அந்தத் தலைக்குள், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் சிறு பலகை ஒன்று உண்டு. மின்கலத்துக்கும் ஒளிவிளக்குக்கும் நடுவே நின்று, எவ்வளவு மின்னோட்டம் செல்லவேண்டும் என்று தீர்மானிப்பது அதுவே. கடைக்காரர் அதை ‘டிரைவர்’ என்பார். நாம் ‘கட்டுப்பலகை’ என்போம். விளக்கை மாற்ற விரும்புவோர் முதலில் மாற்றவேண்டியது இந்தப் பலகையை என்பதே இக்கட்டுரையின் செய்தி. இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்திருந்தேன். எனினும் ஓர் ஆமை திரும்பிப் போனபிறகே உணர்ந்தேன்.

நடந்தது என்ன?

இளங்கலையில் பௌதிகம் படித்துவிட்டு, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இத்தீவுக்கு வந்தவன் நான். முதுகலையில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறேன். வட அந்தமானில் டிக்லிபூருக்கு அருகே காலிபூர்க் கடற்கரை இருக்கிறது. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை ஆகிய நால்வகைக் கடலாமைகளும் முட்டையிட வரும் கரை அது. சென்ற பருவத்தில், உரிய அனுமதியுடன் கணக்கெடுப்புக்குச் சென்றவர்களோடு நானும் சென்றேன்.

ஆமைக் கரையில் வெள்ளை விளக்கு ஆகாது. முட்டையிடக் கரையேறும் தாய் ஆமை ஒளியைக் கண்டால் மிரண்டு, முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இரவில் கடற்பக்கத்து வானமே வெளிச்சமாக இருப்பதால், வெளிச்சத்தை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் அவை கடலை விட்டு விளக்கை நோக்கி ஓடி, நண்டுக்கும் நாய்க்கும் இரையாகும். சிவப்பு ஒளி ஆமையின் கண்ணுக்கு மிகக் குறைவாகவே தெரியும். ஆகவே கரையில் நடப்போர் மங்கலான செவ்விளக்கையே கைக்கொள்கின்றனர்.

நானும் ஒரு செவ்விளக்கு செய்தேன். மூன்று சிறு மின்கலங்கள் போடும் மலிவு விளக்கைத் திறந்து, வெள்ளை எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு வாட் சிவப்பு எல்.இ.டி.யைப் பற்றவைத்தேன். எரிந்தது. மகிழ்ந்தேன். பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கரையில் இருபது நிமிடம் நடந்திருப்போம். விளக்குக் கையில் சுட்டது. பிறகு கருகிய வாடை வந்தது. பிறகு இருள். பதற்றத்தில் நானே கைப்பேசியின் வெள்ளை விளக்கை ஏற்றினேன். எங்களுக்கு முப்பது அடி தூரத்தில், அலைவிளிம்பைத் தாண்டி மணலில் ஏறிக்கொண்டிருந்த பங்குனி ஆமை ஒன்று நின்றது, திரும்பியது, வந்த தடத்தை ஒட்டியே கடலுக்குள் இறங்கிவிட்டது. என்னுடன் வந்தவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏன் கருகிற்று?

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் இருமுனையம். பழைய இழை விளக்கைப் போன்றதன்று. குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை அது மின்னோட்டத்தை ஏறக்குறைய விடாது. அதைத் தாண்டிவிட்டாலோ, அழுத்தம் சிறிது ஏறினாலும் ஓட்டம் பன்மடங்கு ஏறும். ஆதலின் வெளியிலிருந்து ஒன்று அதைக் கட்டுப்படுத்தியாகவேண்டும்.

அந்தக் குறிப்பிட்ட அழுத்தம் நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 620 நானோமீட்டர். அதன் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் 2 எலெக்ட்ரான் வோல்ட். நீல ஒளிக்கு 450 நானோமீட்டர். ஆற்றல் சுமார் 2.75 எலெக்ட்ரான் வோல்ட். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யே, மேலே பூசிய மஞ்சள் பூச்சினால் வெண்மையாகத் தோன்றுகிறது. எனவே சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும் வெள்ளைக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் வேண்டும். கண்ணுக்கு எட்டும் சிவப்பு எல்.இ.டி. 1962இல் வந்தது. ஒளிமிக்க நீல எல்.இ.டி.க்கு உலகம் மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. அதைச் செய்தவர்களுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஒரு வோல்ட் வேறுபாடுதான் என் விளக்கைக் கருக்கியது.

கணக்கைப் பாருங்கள். மூன்று மின்கலங்கள் சேர்ந்து 4.5 வோல்ட். பலகையில் இருந்தது 5 ஓம் மின்தடை ஒன்றே. மின்கலத்தின் உள்தடையைக் கணக்கில் கொள்ளாது விடுவோம்.

வெள்ளை இருந்தபோது: 4.5லிருந்து 3 போக மீதி 1.5 வோல்ட். அதை 5 ஓமால் வகுத்தால் 0.3 ஆம்பியர். மின்தடையில் எழும் வெப்பம் 0.45 வாட்.

சிவப்பு வைத்தபோது: 4.5லிருந்து 2 போக மீதி 2.5 வோல்ட். அதை 5 ஓமால் வகுத்தால் 0.5 ஆம்பியர். மின்தடையில் எழும் வெப்பம் 1.25 வாட்.

வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. ஒரு வாட் சிவப்பு எல்.இ.டி. தாங்குவது 0.35 ஆம்பியர், அதற்கும் அளவு மீறிவிட்டது. இரண்டு வரிக் கணக்கு இது. பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

பலகை நான்கு வகை

விளக்கைத் திறந்ததும் கையில் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு விளக்குகளில் காணப்படுவன பெரும்பாலும் நான்கு வகை.

முதல் வகையில் பலகை பெயருக்கு மட்டுமே இருக்கும். சுருள்வில்லும் கம்பியும் தவிர வேறொன்றும் இராது. மின்கலத்தின் உள்தடையே ஓட்டத்தைக் கட்டுகிறது. இதில் சிவப்பை அப்படியே வைத்தால் கருகுவது உறுதி. மின்தடை ஒன்றை நாமே சேர்க்கவேண்டும்.

இரண்டாம் வகை, என்னுடையதைப் போல ஒரே மின்தடை உடையது. இதன் பரிகாரம் எளிது, கீழே சொல்கிறேன்.

மூன்றாம் வகையில், ‘7135’ என்ற எண் பொறித்த சிறு கறுப்புச் சில்லு ஒன்றோ பலவோ இருக்கும். லித்தியம் மின்கலம் ஒன்று போடும் விளக்குகளில் இது மிகுதி. ஒவ்வொரு சில்லும் 0.35 ஆம்பியருக்கு மேல் செல்ல விடாது; நான்கு சில்லுகள் பக்க இணைப்பில் இருந்தால் 1.4 ஆம்பியர். எனவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெயர்த்தெடுத்துவிட வேண்டும். அத்துடன் முடியவில்லை. விளக்குக்கு வேண்டாத வோல்ட்டையெல்லாம் இச்சில்லு வெப்பமாக்குகிறது. முழுதும் மின்னேற்றிய மின்கலத்தில் 4.2 வோல்ட் உண்டு. வெள்ளைக்கு 1.2 வோல்ட் மிச்சம், வெப்பம் 0.42 வாட். சிவப்புக்கு 2.2 வோல்ட் மிச்சம், வெப்பம் 0.77 வாட். சிவப்பு எல்.இ.டி.க்குத் தொடராக 3 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால், அது 1.05 வோல்ட்டை ஏற்றுக்கொள்ளும். சில்லின் வெப்பம் மீண்டும் 0.40 வாட்டுக்கு இறங்கிவிடும்.

நான்காம் வகையில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று தெரியும். ஒற்றை 1.5 வோல்ட் மின்கலத்தின் அழுத்தத்தை உயர்த்தி எல்.இ.டி.க்குக் கொடுக்கும் பலகை இது. விளக்குக்கு வேண்டிய வோல்ட், உள்ளே வரும் வோல்ட்டைவிடக் கூடுதலாக இருந்தால்தான் இது கட்டுப்படுத்தும். இரண்டு மின்கலம் போடும் விளக்காயின் உள்ளே வருவது 3 வோல்ட். சிவப்புக்கு வேண்டியதோ 2. அப்போது மின்சாரம் சுருளின் வழியே கட்டின்றிப் பாய்ந்துவிடும். இவ்வகை விளக்கைச் செவ்விளக்காக்க முயலவேண்டாம் என்பதே என் கருத்து.

செய்யும் முறை

இரண்டாம் வகையைக் கொண்டே செய்வோம். ஆமைக் கரைக்குப் பேரொளி வேண்டியதில்லை. காலடி தெரிந்தால் போதும். ஆகவே 0.1 ஆம்பியரே நம் இலக்கு. 2.5 வோல்ட்டை 0.1 ஆம்பியரால் வகுத்தால் 25 ஓம். கடையில் எளிதாகக் கிடைப்பது 27 ஓம். அதை வைத்தால் ஓட்டம் 0.093 ஆம்பியர்; மின்தடையில் வெப்பம் 0.23 வாட். எனவே அரை வாட் தாங்கும் மின்தடையாக வாங்குக. சென்னை ரிச்சித் தெருவுக்குப் போகும் நண்பரிடம் சொல்லிவிட்டால் சில்லறைக் காசில் முடியும்.

பழைய மின்தடையைப் பற்றவைப்புக் கோலால் சூடாக்கி எடுத்துவிட்டுப் புதியதை அங்கே வைக்கவும். சிவப்பு எல்.இ.டி.யின் நேர்முனை, எதிர்முனைகளை மாற்றிவிட வேண்டாம். சில எல்.இ.டி.களில் அடியிலுள்ள உலோகப் பட்டையும் ஒரு மின்முனையோடு இணைந்திருக்கும். விளக்கின் உடலும் மின்சுற்றின் பகுதி ஆதலின், அது உடலைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். மீட்டரால் முதலில் சோதித்துக்கொள்க.

மூடுவதற்கு முன் ஓட்டத்தை அளந்தே தீரவேண்டும். பின்மூடியைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முள்ளை மின்கலத்தின் எதிர்முனையிலும் மற்றதை விளக்கின் உடலிலும் தொடுங்கள். கணக்கிட்டதை ஒட்டிய எண் வந்தால் சரி. பிறகு அறையிலேயே ஒரு மணி நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்தை நான் செலவிட்டிருந்தால், அந்த ஆமை முட்டையிட்டிருக்கக்கூடும்.

இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்கலங்கள் தளர்ந்து 3.3 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 0.048 ஆம்பியர் செல்லும். விளக்கு மங்குமேயன்றி அணையாது. கரையில் இருக்கும்போது திடீரென்று இருள் சூழாது.

விளக்கின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். அவசரத்துக்கு ஒட்டலாம். ஆனால் நீலத்திலிருந்து பிறந்த வெள்ளை ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. பெரும்பகுதி தாளிலேயே வீணாகும். தாள் நனைந்து கிழிந்தால் வெள்ளை ஒளி வெளிப்பட்டுவிடும்.

எச்சரிக்கை மூன்று

சுவரில் நேரே செருகி மின்னேற்றும் மலிவு விளக்குகள் பலவற்றில் மின்மாற்றி கிடையாது. ஒரு மின்தேக்கி மட்டும் வைத்து 230 வோல்ட்டை உள்ளே விட்டிருப்பார்கள். செருகிய நிலையில் அதன் எந்தப் பகுதியும் உயிரைக் குடிக்கலாம். அவற்றைத் திறக்கவே வேண்டாம்.

லித்தியம் மின்கலத்தைக் குறுக்குச்சுற்றுக்கு உள்ளாக்காதீர்கள். முற்றிலும் வடியவும் விடாதீர்கள். மலிவுப் பலகைகள் பலவற்றில் அதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லை.

நம் தீவுக் காற்றில் உப்பு மிகுதி. பற்றவைத்த இடங்களில் நகப்பூச்சை மெல்லத் தடவிவிட்டால் துரு அண்டாது. ரப்பர் வளையத்துக்குச் சிறிது சிலிகோன் கிரீஸ் இடுங்கள்.

நம் பங்கு

நண்பர்களே! கடலாமைக்காக இரவில் கரை நடப்பது மாணவருக்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, இரவில் நடந்து, முட்டைகளைக் காத்து வருகின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவந்த சதீஷ் பாஸ்கர், 1970களின் இறுதியில் தொடங்கி, இத்தீவுகளின் கரைகளைக் கால்நடையாகவே அளந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். அவர் 2023இல் மறைந்தார். அவர் நடந்த கரைகளுக்கு அருகில் நாம் படிக்கிறோம். பிழைப்பையும் படிப்பையும் தேடிக் கடல் தாண்டி வந்த நாம், இத்தீவுக்குச் செய்யக்கூடிய சிறு நன்மைகளுள் இதுவும் ஒன்றன்றோ?

அடுத்த பருவத்துக்குள் பத்துச் செவ்விளக்குகளாவது ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். பழைய விளக்கு வைத்திருப்போர் கொண்டுவந்தால், பற்றவைப்புக் கோலும் மீட்டரும் என் அறையில் உண்டு. வரும்போது ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவாருங்கள். கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கோலைச் சூடேற்றுவோம்.