நச்சுப் பொருளும் தொழிலாளர் நலனும்

செம்பனைத் தோட்டங்களில் ‘மருந்தடித்தல்’ என்பது நம் பாட்டிமாருக்குப் பழகிப்போன சொல். பெயரளவில்தான் அது மருந்து. தெளிப்பானில் இருப்பதோ களைக்கொல்லி நஞ்சு. அதனை முதுகில் சுமந்து, வெயிலில் மணிக்கணக்காக நடந்தவர்களுள் பலர் பெண்கள்.

நஞ்சு மூன்று வழிகளில் உடலுக்குள் புகும். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் மூச்சோடு உட்செல்லும். தெளிப்பான் கசிந்தால், நனைந்த முதுகின் தோல்வழி ஊடுருவும்; தோலில் காயம் இருந்தால் இன்னும் விரைவாகப் புகும். கைகழுவாமல் உண்டால் வாய்வழியும் செல்லும்.

முகக்கவசமும் கையுறையும் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். ஆனால், கடும் வெயிலில் வியர்வையில் ஊறிய கவசத்தோடு மூச்சுவிடுவது எளிதன்று. தாங்க முடியாமல் தொழிலாளி அதைக் கழற்றினால், பழியும் அவர்மீதே விழுகிறது.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. இரசாயனங்களால் ஏற்படும் ஆபத்தை மதிப்பிட்டுக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. இதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில், நஞ்சையே தவிர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். களையை இயந்திரத்தால் வெட்டலாம்; மூடுபயிர் வளர்த்தும் அடக்கலாம். இயலாவிட்டால், நச்சுத்தன்மை குறைந்த பொருளுக்கு மாறலாம். அடுத்து, கசியாத கருவி, பயிற்சி, வேலை நேரக் குறைப்பு, குளிக்கும் வசதி ஆகியவை வரும். பாதுகாப்புக் கவசம் இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கும் கடைசி வேலியாகும்.

இதற்குப் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நல்ல சான்று. அது நுரையீரலைச் சிதைக்கக்கூடியது. அதற்கு முறிமருந்தும் இல்லை. 2002-இல் மலேசிய அரசாங்கம் அதைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியில், 2020 ஜனவரி முதல் நாள் தடை நடப்புக்கு வந்தது. எந்தக் கவசத்தையும்விட உறுதியான பாதுகாப்பு, அந்த நஞ்சு தோட்டத்தைவிட்டே வெளியேறியதுதான்.

ஆகவே, “கவசம் அணிந்தாயா?” என்று தொழிலாளியைக் கேட்கும் முன், “இந்த நஞ்சு தேவைதானா?” என்று முதலாளி தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாளை நீங்கள் தொழிலாளியாகலாம்; மேலாளராகவும் ஆகலாம். எந்த நிலையில் இருந்தாலும் இக்கேள்வியை மறவாதீர்கள்.

சிந்தித்து விடையளி

1. பாதுகாப்புக் கவசம் ‘கடைசி வேலி’ எனப்படுவது ஏன்?
2. உன் வீட்டில் பயன்படுத்தும் நச்சுப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடு. இப்பகுதியில் கூறப்பட்ட வரிசைமுறைப்படி அதன் ஆபத்தை எவ்வாறு குறைக்கலாம்?