கடைசித் தடவை



தம்பி, அடுத்த வாரம் எச்.ஐ.வி. கணக்கெடுப்புக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு லாரிகள் நிற்கும் இடங்களுக்குப் போகப்போகிறாய். அப்பா வயதில் இருக்கும் ஓட்டுநரிடம் "ஆணுறை போடுவீங்களா?" என்று எப்படிக் கேட்பது என்ற கூச்சம் இருக்கத்தான் செய்யும். அது நாலு நாளில் போய்விடும். அந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, அது தானாகப் போகாது. "போடுவீங்களா?" என்றால் "போடுவேன்" என்று எவரும் சொல்லிவிடுவார். நடந்ததை விட்டுவிட்டு, தான் எப்படிப்பட்டவர் என்று நினைக்கிறாரோ அதைச் சொல்வார்.

அதனால்தான் இத்துறையில் பழகியவர்கள், "கடைசித் தடவை பாலியல் தொழிலாளிகிட்ட போனப்ப போட்டிருந்தீங்களா?" என்று கேட்கிறார்கள். ஒரு ராத்திரி, ஓர் இடம், ஒரு சம்பவம். நினைவுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். ஒரே ஆளின் கடைசித் தடவை அவருடைய வழக்கத்துக்கு மாறாக இருந்திருக்கலாம். ஆயிரம் பேரின் கடைசித் தடவைகளைக் கூட்டிப் பார்த்தால் ஊரின் வழக்கம் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கின் அருமையைத் தாய்லாந்தில் பார்க்கலாம். 1989 ஜூனில் சியாங் மாய் நகர விடுதிகளில் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பரிசோதித்தபோது 44 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதே ஆண்டு ராட்சபுரி மாகாணத்தில் விவத் ரோஜனபித்தயகோர்ன் என்ற மருத்துவர் ஒரு வழி கண்டார். ஆணுறை வேண்டாம் என்கிற வாடிக்கையாளரை ஒரு பெண் மட்டும் மறுத்தால் அவன் அடுத்த விடுதிக்குப் போவான், நஷ்டம் அவளுக்குத்தான். எல்லா விடுதிகளும் ஒரே நாளில் மறுத்தால்? அவனுக்குப் போக்கிடம் இல்லை. அதையே எல்லா விடுதிகளுக்கும் விதியாக்கினார்கள். ஆணுறையை அரசே இலவசமாகக் கொடுத்தது. 1991-இல் இத்திட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

விதி நடப்பில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பால்வினை நோயோடு அரசு கிளினிக்குக்கு வந்த ஆண்களிடம், எந்த விடுதிக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். ஒரே விடுதியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஆணுறை இல்லாமல் தொழில் நடக்கிறது என்று பொருள். நோயாளியின் ஒரு சொல்லே கண்காணிப்பாகிவிட்டது.

இன்னொரு சாளரம் ராணுவம். அங்கே 21 வயது இளைஞர்களைச் சீட்டுக் குலுக்கிப் படைக்கு எடுக்கிறார்கள். சிவப்புச் சீட்டு வந்தால் போயே ஆகவேண்டும். படித்து விலக்குப் பெறுகிறவர்கள் கழிந்துவிடுவதால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஆனாலும் நல்ல மாதிரி எடுக்கப் புள்ளியியலார் படும் பாட்டைக் குலுக்கல் பெருமளவு குறைத்துவிடுகிறது. வடக்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டார்கள். கடைசியாகப் பாலியல் தொழிலாளியிடம் போனபோது ஆணுறை அணிந்ததாகச் சொன்னவர்கள் 1991-இல் 61 சதவீதம். 1995-இல் ஏறத்தாழ 93. முந்தைய ஓராண்டில் அப்படிப் போனவர்களே 57 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்திருந்தார்கள்.

வாய்ச்சொல்லை அப்படியே நம்பலாமா? பிரசாரம் பலமாக நடக்கிற ஊரில் எது சரியான பதில் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஜிம்பாப்வேயில் ஓர் ஆய்வில், விந்தின் தடயம் பரிசோதனையில் தெரிந்த பெண்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர், அண்மையில் உறவே இல்லை அல்லது ஆணுறையோடுதான் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர் என்று நீ நினைத்துவிடக் கூடாது. கேட்கிறவர் முகம் எதிரே இருக்கும்போது உண்மை சொல்வது கடினம். தாய்லாந்தின் எண்களை நம்ப வைத்தவை வேறு இரண்டு சாட்சிகள். 1989-க்கும் 1993-க்கும் இடையே அரசு கிளினிக்குகளுக்கு வந்த ஆண்களிடம் முக்கியப் பால்வினை நோய்கள் 79 சதவீதம் குறைந்தன. வடக்கத்திப் படைவீரர்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. 1991-இல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 1995-இல் 6.7 ஆனது. சொல்லும் நோயும் ரத்தமும் ஒரே திசையைக் காட்டின.

முகத்தை மறைக்கவும் வழி உண்டு. கர்நாடகத்தில் வாக்குச்சாவடி முறையில் கேட்டார்கள். ஒவ்வொருவரும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொள்ள, கேள்வியை உரக்கப் படிப்பார்கள்; ஆம் என்றால் ஒரு பெட்டியில் சீட்டு, இல்லை என்றால் மற்றொன்றில். யார் போட்டது என்பது யாருக்கும் தெரியாது. நேர்முகத்தில் வெளிவராத பல உண்மைகள் பெட்டியில் விழுந்தன.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். பத்தாண்டு கழித்து, 1996-இல், அடையாறு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நடத்திய எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஆண்டுதோறும் நடத்தைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், ஆலைத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், பாலியல் தொழிலாளிகள் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் எந்தக் கூட்டத்துக்கு எது தேவை என்பது தெரிந்திருக்காது.

உன் தாளில் "யாருடன்?" என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதைத் தாண்டிவிடாதே. விடுதியில் ஆணுறை அணிகிற ஆண் வீட்டில் பெரும்பாலும் அணிவதில்லை. தாய்லாந்தில் பிற்பாடு புதிதாகத் தொற்றியவர்களில் கணவனிடமிருந்து பெற்ற மனைவியர் கணிசமாக இருந்தார்கள். "இல்லை" என்று பதில் வந்தால் "ஏன்?" என்று மெதுவாகக் கேள். கையில் இல்லை என்பார் ஒருவர். அவருக்கு லாரி நிற்கும் இடத்துப் பெட்டிக்கடையில் ராத்திரியும் ஆணுறை கிடைக்கவேண்டும். குடித்திருந்தேன் என்பார் இன்னொருவர். பழகின பொண்ணு என்பார் மூன்றாமவர். அவருக்குப் பெட்டிக்கடை உதவாது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வா.