ஒரு சக்கரம் சுழல, மறு சக்கரம் நிற்பதேன்?

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் வட்டாரத்தில் செம்மணல் தேரிகள் உள்ளன. காற்று குவித்த நுண்மணல் அது. சாலையை விட்டு ஒரு பக்கமாகத் தேரியில் இறங்கிய கார் சிக்கிக்கொண்டால் நாம் காண்பது என்ன? மணலில் உள்ள பின்சக்கரம் விர்ரென்று சுழன்று குழி பறிக்கிறது. கெட்டித் தரையில் உள்ள மறு சக்கரம் அசையாமல் நிற்கிறது. மழையில் உப்பளக் கரை சேறானால், உப்பு ஏற்ற வரும் லாரிக்கும் இதே கதிதான்.

“இஞ்சினின் சக்தியெல்லாம் சுழல்கிற சக்கரத்துக்கே போய்விடுகிறது” என்பார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் இயற்பியல் இருக்கிறது.

வளைவில் எழும் கணக்கு

கார் ஒன்று அரைவட்டமடித்துத் திரும்புகிறது. இரு பின்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 1.4 மீட்டர் எனக் கொள்வோம். வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட π × 1.4, அதாவது ஏறத்தாழ 4.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு சிறிதானாலும் பெரிதானாலும் இந்த வேறுபாடு மாறாது என்பதைக் கவனியுங்கள். சக்கரத்தின் விட்டம் 0.6 மீட்டரானால், வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கும் சற்று மேலாகக் கூடுதலாகச் சுழல வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர் தரையில் தேய்ந்து இழுபடும்.

இதற்குத் தீர்வுதான் டிஃபரன்ஷியல். பிரான்சு நாட்டு ஒனேசிஃபோர் பெக்கூர் 1827-இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இஞ்சினிலிருந்து வரும் பினியன் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனுடன் பிணைந்த கூட்டுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள், இடப்புறமும் வலப்புறமும் உள்ள பல்சக்கரங்களோடு கவ்வியிருக்கின்றன. ஒரு பக்கம் எவ்வளவு வேகம் குறைகிறதோ, மறு பக்கம் அவ்வளவு கூடும். இரு சக்கர வேகங்களின் கூட்டுத்தொகை எப்போதும் கிரவுன் வேகத்தின் இருமடங்கு.

சமபங்கின் சங்கடம்

உள்ளிருக்கும் சிறு பல்சக்கரம் நடுவில் தாங்கிய தராசுக் கோலைப் போன்றது. ஆகவே, உராய்வைப் புறக்கணித்தால், இரு பக்கமும் அது தரும் திருப்பு விசை எப்போதும் சமம். திறன் என்பது திருப்பு விசையையும் கோண வேகத்தையும் பெருக்கிய தொகை. நிற்கும் சக்கரத்தின் வேகம் சுழி. ஆகவே அதற்குச் சேரும் திறனும் சுழி. ஆனால் திருப்பு விசையில் அதற்குச் சமபங்கு உண்டு. அந்தப் பங்குதான் மிகச் சிறியது!

எடுத்துக்காட்டாக, மணலில் உள்ள சக்கரம் 300 நியூட்டன் விசையைத்தான் தாங்கும். கெட்டித் தரையில் உள்ளது 3000 நியூட்டன் தாங்கும் என்று கொள்வோம். கார் நகர 1000 நியூட்டன் வேண்டும். மணற்சக்கரம் 300-இல் வழுக்கிவிடுவதால் மறு சக்கரத்துக்கும் 300-தான் கிடைக்கும். மொத்தம் 600. கார் நகராது. ஆக்சிலரேட்டரை மேலும் மிதித்தால் குழிதான் ஆழமாகும்.

பூட்டும் பாதிப் பூட்டும்

டிராக்டரில் டிஃபரன்ஷியல் லாக் என்ற மிதி உண்டு. அதை மிதித்தால் இரு சக்கரங்களும் ஒன்றாகப் பிணையும். நம் கணக்கில் 3300 நியூட்டன் வரை இழுக்கலாம். ஆனால் பூட்டிய நிலையில் கெட்டித் தரையில் திரும்பினால் பழைய தொல்லையே வரும்.

இரண்டுக்கும் நடுவழியே வழுக்கலை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். ஒரு வகையில் உராய்வுத் தட்டுகள் இரு பக்கங்களையும் ஓரளவு பிணைக்கின்றன. மற்றொன்றில் பாகுநிலை மிக்க சிலிக்கோன் எண்ணெய் அவ்வேலையைச் செய்கிறது. மூன்றாவது ‘டார்சன்’ வகை; அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் உருவாக்கியது. இதிலுள்ள திருகுப் பல்சக்கரங்களின் உராய்வு, பிடிப்புள்ள சக்கரத்துக்கு மற்றதைப்போலப் பல மடங்கு திருப்பு விசை சேரச் செய்கிறது. அது மும்மடங்கானால் 300 + 900 = 1200 நியூட்டன். கார் நகர்ந்துவிடும்!

ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? சுழியின் மும்மடங்கும் சுழிதான். அப்போது ஓட்டுநர் பிரேக்கை மெல்ல அழுத்தினால், தொங்கும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு தடை கிடைக்கும். அதன் மும்மடங்கு மறு பக்கம் சேரும். இன்றைய கார்கள் பலவற்றில், வழுக்கும் சக்கரத்தை மட்டும் மின்னணுக் கருவியே பிரேக் பிடிக்கிறது.

நான்கும் இழுத்தால்

உராய்வு விசை எடையைப் பொறுத்தது. ஈரச்சரளையில் உராய்வுக் கெழு 0.3 என்றால், நான்கு சக்கரமும் இழுக்கும் கார் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 3 மீட்டர் வீதம் வேகம் பெறலாம். எடையில் பாதியைத் தாங்கும் இரு சக்கரங்கள் மட்டும் இழுத்தால் இதில் பாதிதான்.

வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் ஓடுகின்றன. ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் இடையே மூன்றாவது டிஃபரன்ஷியல் தேவை. 1985-இல் வந்த மாருதி ஜிப்சியில் இந்த நடு டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் நான்கு சக்கர இழுப்பை மணலிலும் சேற்றிலும் மட்டுமே போட வேண்டும். நடு டிஃபரன்ஷியல் வைத்தாலும் சிக்கல் உண்டு. மூன்றும் சாதாரண வகையானால், ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலும் நான்கும் வலுவிழக்கும்!

1980-இல் வந்த ஆடி குவாட்ரோ இதற்கு வழி கண்டது. கியர்பெட்டியிலிருந்து ஒரு குழல்தண்டு பின்னோக்கி நடு டிஃபரன்ஷியலுக்குச் செல்கிறது. அக்குழலுக்குள்ளேயே ஓடும் மற்றொரு தண்டு முன்சக்கரங்களுக்குத் திரும்பி வருகிறது. நடு, பின் டிஃபரன்ஷியல்களை ஓட்டுநர் பூட்டலாம். பின்னாளில் நடுவில் டார்சன் இடம்பெற்றது. இக்காரில்தான் மிஷேல் மூட்டன் 1981-இல் சான்ரெமோ பந்தயத்தில் வென்று, உலக ராலிச் சுற்றொன்றில் வெற்றி பெற்ற முதல் பெண்மணியானார்.

ஓர் எச்சரிக்கை

பட்டறையில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இஞ்சினை ஓட்டிக் கியர் போடுவோர் உண்டு. “தூக்கிய சக்கரம்தானே சுற்றும்” என்பது அவர்கள் கணக்கு. பூட்டோ பாதிப் பூட்டோ உள்ள வண்டியில் தரையிலுள்ள சக்கரமும் இழுக்கும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து உயிரைப் பறிக்கும். ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

சிந்திக்க: பின்சக்கர இழுப்புள்ள காரின் பின்சக்கரங்கள் இரண்டையும் மெக்கானிக் பத்திரமாக முட்டுக்கொடுத்துத் தூக்கியிருக்கிறார். இஞ்சின் அணைந்திருக்கிறது, கியர் போடப்பட்டிருக்கிறது. அவர் ஒரு சக்கரத்தை முன்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றினால், மற்றது எந்தத் திசையில், எத்தனை சுற்றுச் சுழலும்? (குறிப்பு: கிரவுன் வேகம் சுழி.)