வானவில்லை வளைத்தது யார்?

சாதகர் பலரின் உள்ளத்தில் எழும் ஐயம் ஒன்று உண்டு. "பல ஆண்டுகளாக வேதாந்த சிரவணம் செய்து வருகிறேன். உலகம் மித்யை என்பது புத்திக்கு விளங்குகிறது. ஆயினும் காலையில் கண் விழித்தால் உலகம் அப்படியேதான் தோன்றுகிறது. அப்படியானால் கேட்டதெல்லாம் வீண்தானா?" இந்த ஐயத்தைத் தெளிவித்துக்கொள்ள வானவில் பெரிதும் உதவும். குறிப்பாக, அது ஏன் வளைந்து தோன்றுகிறது என்பதை ஆராய வேண்டும்.

இந்திரனின் வில் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். பெயர் சூட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராஹமிஹிரர் தமது பிருஹத் சம்ஹிதையில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். மேகம் சூழ்ந்த வானில், காற்றினால் சிதறுண்ட சூரிய கிரணங்களே பல நிறங்களுடன் வில்லின் வடிவில் காணப்படுகின்றன என்பது அவர் கருத்து. சிதறச் செய்வது காற்றன்று, மழைத்துளியே என்பது பின்னர் தெளிவாயிற்று. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும் ஜெர்மனியில் தியோடோரிக் என்னும் துறவியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை ஒரு பெரிய மழைத்துளியாகப் பாவித்துச் சோதனை செய்தனர். கோணக் கணக்கை 1637-இல் டெகார்ட் வெளியிட்டார்.

துளியினுள் நுழையும் கிரணம் சற்றே திசை மாறுகிறது. துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. வெளியேறும்போது மீண்டும் திசை மாறுகிறது. இவ்வாறு திரும்பும் ஒளி பல கோணங்களில் சென்றாலும், ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில்தான் அது மிகுதியாகச் செறிகிறது. சிவப்புக்கு 42, ஊதாவுக்கு 40. நிறங்கள் பிரிந்து தோன்றுவதற்கு இச்சிறு வேறுபாடே காரணம்.

அப்படியானால் வளைவு எங்கிருந்து வந்தது? சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சூரியனிலிருந்து உங்கள் தலை வழியாக, தலையின் நிழலை நோக்கிச் செல்லும் நேர்கோடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அக்கோட்டிலிருந்து 42 பாகை விலகியுள்ள துளிகள் மட்டுமே சிவப்பொளியை உங்கள் கண்ணுக்கு அனுப்ப வல்லவை. மேலே, வலப்புறம், இடப்புறம் என எப்பக்கம் விலகினாலும் கோணம் ஒன்றே. விரித்த குடையை நினைத்துக்கொள்ளலாம். அதன் உச்சியில் உங்கள் கண் இருக்கிறது. காம்புதான் நாம் கற்பனை செய்த கோடு. அதைச் சுற்றிக் கம்பிகள் சம கோணத்தில் விரிகின்றன. அக்கம்பிகளின் திசையில் உள்ள துளிகளெல்லாம், ஐம்பது அடியில் இருந்தாலும் ஒரு மைலுக்கு அப்பால் இருந்தாலும், ஒரே வட்டத்தில் அமைந்தனவாகத் தோன்றும்.

ஆகவே வானவில் உண்மையில் வில் அன்று, வட்டம். கீழ்ப்பகுதியைத் தரை மறைத்துவிடுகிறது. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அரைவட்டம் தெரியும். சூரியன் ஏற ஏற வில் தாழும். 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமவெளியில் நிற்பவருக்கு வானவில் இல்லை. நண்பகல் மழையில் நாம் அதைக் காணாததன் காரணம் இதுவே. விமானத்தில் செல்வோர் சில வேளைகளில் முழு வட்டத்தையும் கண்டிருக்கின்றனர்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வட்டத்தின் மையம் உங்கள் தலையின் நிழல் விழும் திசை. அருகில் நிற்பவருக்கு அவருடைய தலையே ஆதாரம். இருவரும் ஒரே வில்லைப் பார்ப்பதாக எண்ணிச் சுட்டிக்காட்டிக் கொள்கின்றனர்; ஆனால் இருவர் காண்பதும் வெவ்வேறு துளிகளின் ஒளி. துளிகளோ விழுந்துகொண்டே இருக்கின்றன. இக்கணம் சிவப்பைத் தந்த துளி மறுகணம் ஊதாவைத் தந்து கீழே போய்விடும். வில் மட்டும் நிலைத்திருப்பதாகத் தோன்றும். மழை அங்கே உண்டு, ஒளி உண்டு. வளைந்த வில் என்றொரு பொருள் அவ்விடத்தில் இல்லை. காண்பவனை நீக்கினால் வளைவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேதாந்தத்தில் மயக்கம் இருவகையாகக் கூறப்படும். கயிற்றைப் பாம்பாகக் கண்டவனுக்குக் கயிறு தெரிந்ததும் பாம்பு மறைந்துவிடும். இது நிருபாதிக பிரமம். செம்பருத்தி மலரின் அருகில் வைத்த ஸ்படிகமோ, அது நிறமற்றது என அறிந்த பின்னும் சிவப்பாகவே தோன்றும். மலர் என்ற உபாதி அருகில் இருக்கும்வரை தோற்றமும் இருக்கும். இது சோபாதிக பிரமம். வானவில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேற்சொன்ன கணக்கு முழுவதும் அறிந்த ஆசிரியருக்கும் அது ஒரு பாகைகூட நிமிர்ந்து தோன்றுவதில்லை. ஆனால் அது தரையைத் தொடும் இடத்தைத் தேடி அவர் ஓடுவதில்லை. கலைந்துவிட்டதே என்று கலங்குவதுமில்லை. உலகத் தோற்றம் மறையவேண்டும் எனக் காத்திருக்கும் சாதகர், பாம்புக்குரிய விடையை ஸ்படிகத்திடம் எதிர்பார்க்கிறார். உடல், மனம் என்னும் உபாதிகள் உள்ளவரை தோற்றம் ஞானிக்கும் உண்டு.

எந்த உவமைக்கும் எல்லை உண்டு. வானவில்லைக் காணும் கண் ஓரிடத்தில் இருக்கிறது; அது நகர்ந்தால் வில்லும் நகரும். அக்கண்ணும் மனத்தால் அறியப்படுவதே. மனமும் சாட்சியால் அறியப்படுவதே என்று திருக் திருச்ய விவேகம் மேலும் செல்கிறது. சாட்சிக்கு இடமும் இல்லை, நகர்தலும் இல்லை. அங்கே வானவில் உவமை நின்றுவிடுகிறது.