குளிசை போட்டுப் படிக்கலாமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க, கவனம் கூட்டும் குளிசையை வைத்தியரின் சீட்டில்லாமல் போடுவது தவறா? பிளேன்டீயும் அப்படித்தானே?
– மாணவர், கல்லடி

பதில்: தவறுதான், இது பிளேன்டீயைப் போன்றதல்ல. மெத்தில்பெனிடேட் என்ற இந்தக் குளிசை, கவனக்குறைபாடு உள்ளவருக்கு வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது. நெஞ்சுத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும், நித்திரையைக் கெடுக்கும். பலனாவது உண்டா? மெல்பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், நலமான 40 பேர் இதையும் இதையொத்த இரு மருந்துகளையும் எடுத்துக்கொண்டு சிக்கலான புதிர்களை விடுவித்தார்கள். முயற்சி கூடியது, அதன் தரம் குறைந்தது. மூளை சுறுசுறுப்பாக அலைந்தது, அவ்வளவுதான்!

பலனில்லையென்றால் யாருக்கு அநியாயம் என்பீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசெட் புள்ளி ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டே கணிக்கப்படுகிறது. மாவட்ட ஒதுக்கீட்டில் உங்கள் போட்டியாளர் வாகரையிலோ வெல்லாவெளியிலோ படிக்கும் பிள்ளை. நீங்கள் போட்டால், பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் அவரும் தேடுவார். அந்த நெருக்குதலே அநியாயம். காசுள்ளவர் டியூஷன் போவதும் சமமில்லைதான். ஆனால் அங்கே பாடமாவது மிஞ்சுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2011இலேயே சீட்டில்லாமல் குளிசை போட்டுப் படிப்பதைக் கல்வி மோசடியோடு சேர்த்துவிட்டது. கவனம் உண்மையிலேயே சிதறுகிறதென்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நண்பன் குளிசை தந்திருந்தால், அதை அவனிடமே திருப்பிக் கொடுங்கள்.